வீடு பார்த்துச் சொன்னவரிடம் மூன்றரை லட்சம் கேட்டு நோட்டீஸ்

கேள்வி: சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, கட்டுமான நிறுவனத்தில் பத்தாண்டுகள் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது வீடு வாங்குவோருக்காகப் பரிசோதித்துச் சொல்லும் தொழிலை மடிப்பாக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். ஏப்ரலில் பெரும்பாக்கத்தில் ஒரு புது பிளாட்டைப் பார்த்துக் கொடுத்தேன். கட்டணம் 6,000 ரூபாய். நவம்பர் மழையில் குளியலறைச் சுவர் வழியே படுக்கையறைக்குள் ஓதம் வந்துவிட்டது என்று, 3.5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார் உரிமையாளர். 15 நாள் கெடு. நான் கொடுத்தது வாட்ஸ்அப்பில் சில படங்களும், “எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கலாம்” என்ற ஒரு வரியும்தான். உரிமம் எடுக்காததால் சிக்கிக்கொள்வேனா? இந்தத் தொழிலில் லாபம் பார்க்க முடியுமா? தரகர் ஒருவர், வீடு தேடும் வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்பினால் கமிஷன் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: உரிமத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். வீட்டைப் பரிசோதித்துச் சொல்வதற்கென்று தனி உரிமம் கேட்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்களைச் சிக்க வைத்திருப்பது “வாங்கலாம்” என்ற சொல். பார்த்ததைச் சொல்வதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் பரிசோதகர். அந்தச் சொல்லை எழுதியதும், மொத்த வீட்டுக்கும் நீங்கள் உத்தரவாதம் கொடுத்ததாக எதிர்த் தரப்பு வாதிட இடம் கிடைத்துவிட்டது.

ஆனாலும் பயப்பட வேண்டாம். ஓதத்துக்குக் காரணம் கட்டியவரின் வேலைக் குறை. உங்கள் பரிசோதனை அல்ல. வழக்கு என்று வந்தால், சாதாரணத் திறமையுள்ள ஒருவர் ஏப்ரல் வெயிலில் கவனமாகப் பார்த்திருந்தால் அந்தக் குறை தெரிந்திருக்கும் என்பதை வீட்டு உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சை உடைக்காமல் யாராலும் பார்க்க முடியாது. குளியலறையில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்வதாக நீங்கள் சொல்லியிருந்தீர்களா என்பது முக்கியம். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. உங்கள் வழக்கறிஞரிடம் இதை மறைக்காதீர்கள்.

கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், அதைத் தெரிவித்த 30 நாளில் கட்டுமான நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இதை உங்கள் பதிலில் எழுதுங்கள். உங்களுக்குத் தற்காப்பாக இருக்கும் என்பதோடு, ஓதமேறிய சுவரோடு இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவக்கூடிய வழியும் இதுதான். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்பதோ, “பாதிப் பணம் தருகிறேன்” என்று செய்தி அனுப்புவதோ கூடாது. அன்று எடுத்த படங்களைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். அதிகபட்சம் இன்னும் 15 நாள் தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நல்ல வழக்குகளையும் இந்தக் கெடுவில் கோட்டைவிடுகிறார்கள்.

இனி தொழில். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்க ஒப்பந்தம் இல்லாமல் காலடி வைக்காதீர்கள். எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். அறிக்கையும் அப்படித்தான்: “காலை பத்து மணி, மழையில்லாத நாள், குளியலறையின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஈரப்பத மானி காட்டிய அளவு இது, தண்ணீர் தேக்கிச் சோதிக்கவில்லை” என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு பார்க்கும் சென்னை வீடு எதற்கும், மழைக்காலக் கசிவை இந்தப் பரிசோதனை காட்டாது என்ற வரி கட்டாயம்.

“இழப்பீடு கட்டணத்துக்கு மேல் போகாது” என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா என்று பலர் கேட்பார்கள். 1960-களில் நம் உயர் நீதிமன்றத்துக்கே ஒரு சலவை நிலையத்தின் வழக்கு வந்தது. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துவிட்டது. ரசீதின் பின்புறம், விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று அச்சிட்டிருந்தார்கள். பொது நலக் கொள்கைக்கு விரோதம் என்று அந்த நிபந்தனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 1996-இல் ஒரு கூரியர் வழக்கில், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட தாளில் இருந்த பொறுப்பு வரம்பை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே வரம்பு நியாயமானதாக இருக்கட்டும். கட்டணத்தைப்போல் சில மடங்கு என்று வையுங்கள். பெரிய எழுத்தில் போட்டு, அதன் அருகிலேயே தனிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படியும் நுகர்வோர் ஆணையம் அதை நியாயமற்ற ஒப்பந்தமா என்று உரசிப் பார்க்கலாம். அதனால், தொழிலில் நேரும் தவறுக்குக் கேட்கப்படும் இழப்பீட்டை ஏற்கும் காப்பீடான புரொபஷனல் இன்டெம்னிட்டி பாலிசி ஒன்றும் எடுத்துவிடுங்கள். இப்போது வந்திருக்கும் நோட்டீஸுக்கு அது உதவாது. எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) தொடங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தத் தவறுக்குக் கூட்டாளியே பொறுப்பு என்று 2008-ஆம் ஆண்டு எல்எல்பி சட்டத்தின் பிரிவு 28 சொல்கிறது.

கான்கிரீட்டின் மேல் தட்டி அதன் உறுதியை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமர் வாங்கினால், “கான்கிரீட் உறுதிச் சான்றிதழ்” என்று விளம்பரம் செய்யாதீர்கள். அந்தக் கருவி தரும் மதிப்பு 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. பெயர்ப் பலகையில் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பட்டம்.

மற்றவை எளிது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு. மாநகராட்சிக்குத் தொழில் வரி.

கடைசியாகத் தரகர் கமிஷன். வாங்காதீர்கள். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துப் பணம் பெற்றால், அதே 2016 சட்டத்தின்படி நீங்களும் ரியல் எஸ்டேட் முகவர் ஆகிவிடுவீர்கள். பதிவில்லாமல் அதைச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். விற்ற வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறும். நீர்க்காப்பு வேலை எடுப்பவரிடம் வாங்கும் கமிஷனுக்கு இந்த அபராதம் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஓதக் குறிப்பையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும். எதிர்த் தரப்பு வக்கீலாக நான் இருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பேன். அதைவிட உங்கள் 6,000 ரூபாயைக் கூட்டிக் கேளுங்கள். தண்ணீர் தேக்கும் சோதனைக்கும், மழைக்காலத்தில் மறுமுறை வந்து பார்ப்பதற்கும் தனிக் கட்டணம் வையுங்கள். அரைக் கோடி கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் அதைத் தயங்காமல் கொடுப்பார்.