வேலை தேடித் தர 600 டொலர் கேக்கினம், குடுக்கலாமோ?

கேள்வி: அக்கா, நான் ஊரில ஒரு கொம்பனியில கணக்கு வேலை பார்த்தனான். ரொறன்ரோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறன், விசாரணை இன்னும் வரேல்ல, வேர்க் பேர்மிற் கைக்கு வந்திட்டுது. ஒரு ஏஜென்சி வேலை எடுத்துத் தாறம், 600 டொலர் கட்டுங்கோ எண்டு சொல்லினம். காசில்லாம உதவி செய்யிற இடங்களும் இருக்காம், எனக்குச் செய்வினமோ? அங்க போனா கேஸுக்கு ஏதும் பிரச்சினை வருமோ? – வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 600 டொலரைக் குடுத்திடாதேங்கோ. ஒன்ராறியோவில வேலை தேடுற ஆளிட்ட இப்பிடிக் காசு வாங்கிறது சட்டப்படி பிழை, ஏஜென்சிக்குக் காசு குடுக்க வேண்டியது ஆள் தேடுற கொம்பனிதான், 2024 ஜூலையில இருந்து ஏஜென்சியள் மாகாண லைசென்ஸும் வச்சிருக்க வேணும். புதுசா வந்த சனத்திட்ட இதை ஆரும் சொல்லிறேல்ல, கையில மிச்சமிருக்கிற கொஞ்சக் காசையும் புடுங்கினம், கேக்கவே நெஞ்சு கொதிக்குது.

இனி உதவிக்கு வருவம். மத்திய அரசின்ர காசில நடக்கிற, புதுசா வந்த ஆக்கள் இங்க குடியேறி நிலைக்க உதவுற செற்றில்மென்ற் சேவையள் பெரும்பாலும் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைச்ச ஆக்களுக்கும் கோரிக்கை ஏற்கப்பட்ட அகதிகளுக்கும்தான், அதால உங்களை அங்க ஏலாது எண்டு திருப்பிவிட்டா மனம் விடாதேங்கோ. நீங்கள் போக வேண்டியது எம்ப்ளோய்மென்ற் ஒன்ராறியோ சென்ரருக்கு, அது காசில்லாம வேலை தேட உதவுற மாகாண அரசின்ர சேவை. பேர்மிற்றையும் 9 இல தொடங்கிற சின் நம்பரையும் (வேலை செய்யிறதுக்கு அரசு தாற சமூகக் காப்புறுதி இலக்கம்) கொண்டு போங்கோ. அந்த சின்னுக்கும் முடிவுத் திகதி இருக்கு, பேர்மிற்றைப் புதுப்பிச்சா அதையும் புதுப்பிக்க வேணும், கன பேர் இதை மறந்திட்டு வேலையிடத்தில முழிக்கிறவை. கேஸைப் பற்றிப் பயப்பிட வேண்டாம், அனுமதியோட வேலை தேடுறது உங்கட கோரிக்கையைப் பாதிக்காது.

அங்க கவுன்சிலர் என்ன வேலை வேணும் எண்டு கேக்கேக்க "எதெண்டாலும் பரவாயில்லை" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ! எங்கட ஆக்கள் கூச்சத்தில அப்பிடித்தான் சொல்லுறவை, பிறகு வெயார்ஹவுஸுக்கே அனுப்புவினம். வீட்டு வாடகைக்காக இப்ப அந்த வேலைக்குப் போறது தப்பே இல்லை, ஆனா நான் எக்கவுண்ட்ஸ் செய்தனான், இன்ன சொஃப்ற்வேர் தெரியும், மாசக் கணக்கு முடிச்சுக் குடுத்தனான், சம்பளப் பட்டியல் போட்டனான் எண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ, உங்களுக்குப் பெரிசாத் தெரியாத வேலைதான் ரெசுமேயில எடுபடும். ரெசுமேயில படம், வயது, சமயம், கலியாண விவரம் ஒண்டும் வேண்டாம். இன்ரவியூவுக்குப் பழக்கி விடச் சொல்லிக் கேளுங்கோ, ஒருக்காப் பத்தாட்டி திரும்பவும் கேளுங்கோ. அவை வேலையைக் கையில தூக்கித் தர மாட்டினம், விண்ணப்பம் போடுறது நீங்கள்தான்.

கனேடிய அனுபவம் இல்லையே எண்டு குறுகிப் போகாதேங்கோ. அப்பிடிக் கட்டாயமாக் கேக்கிறது பாகுபாடாகலாம் எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013 இலயே சொல்லிப்போட்டுது. 2026 ஜனவரியில இருந்து 25 பேருக்குக் குறையாம வேலை செய்யிற கொம்பனியள் பொது விளம்பரத்தில அதைக் கேக்கவே ஏலாது.

கிட்டடியில எந்த சென்ரர் எண்டு தெரியாட்டி 211 க்கு அடியுங்கோ, காசில்லை. தமிழ் எண்டு சொன்னா மொழிபெயர்ப்பாளரை லைனில எடுத்துத் தருவினம்.