நிழல் சன்னலுக்கு வெளியே வேண்டும்

கேள்வி: ஜப்பானில் வெயில், குளிர் இரண்டுக்கும் தோதாக வீடு கட்டுகிறார்களாமே, எப்படி? எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மத்தியானம் இருக்கவே முடியவில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கூரைதான் அம்மா முக்கியம். தெற்குச் சன்னலுக்கு மேல் கூரை நன்றாக நீண்டிருந்தால் கோடையில் உச்சிக்கு ஏறும் சூரியனை மறைத்துவிடும், குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வருவதால் வெயில் கூடம் வரைக்கும் வந்து விழும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. வடக்கே ஹொக்கைடோ தீவில் குளிருக்கு இரட்டைச் சன்னல், தெற்கே ஒகினாவாத் தீவுகளில் புயலுக்குக் கான்கிரீட் வீடு. 2025 ஏப்ரல் முதல் ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லாப் புது வீட்டுக்கும் வெப்பத்தடுப்பு கட்டாயம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். சீலிங்குக்கு மேலே வெப்பத்தடுப்புப் பஞ்சு போடுங்கள். சாய்ந்து வரும் மேற்கு வெயிலைக் கூரை தடுக்காது, அதற்கு ஜப்பானியர் இன்றும் செய்வதுபோல் மூங்கில் தட்டியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.