லண்டனிலிருந்து கணவன் மனைவி ஒரே நாளில் போய்வர எந்தப் பழைய கோட்டை நன்றாக இருக்கும்?

போடியம் கோட்டை. கிழக்கு சசெக்ஸில் இருக்கிறது, காரில் கிளம்பினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வின்ட்சர், லண்டன் டவர் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அங்கே கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

அகலமான அகழி, நடுவில் நான்கு மூலைக்கும் வட்டக் கோபுரம் வைத்த கோட்டை. வெளியே நின்று பார்த்தால் நேற்றுக் கட்டியதுபோல் முழுசாகத் தெரியும். உள்ளே போனால் கூரை கிடையாது, மாடித் தளம் கிடையாது. புல்தரையும் அதைச் சுற்றி மொட்டைச் சுவர்களும்தான். "இவ்வளவுதானா?" என்று பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி வந்துவிடாதீர்கள். விஷயமே அந்த மொட்டைச் சுவர்களில்தான் இருக்கிறது.

கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் பிரான்சுக்குப் போய்க் கொள்ளையிலும் கூலிப் போரிலும் காசு பார்த்தவர். போடியம் நிலம் மனைவி எலிசபெத் வழியில் வந்த சொத்து. 1377-ல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலிருந்த ரை துறைமுகத்தைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆபத்தைக் காரணம் காட்டி 1385-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் கோட்டை கட்ட அனுமதி வாங்கிவிட்டார்.

நிஜமாகவே ஆபத்துக்குக் கட்டியதா, பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் காட்டக் கட்டியதா? நாங்கள் போன அன்றைக்கு முழுக்க எனக்கும் என் கணவருக்கும் இதே வழக்குதான். இவர் வாசல் கோபுரத்தை விட்டு நகரவே இல்லை. அண்ணாந்து பார்த்தால் கல் விதானத்தில் ஓட்டைகள்; கீழே மாட்டிக்கொண்டவன் தலையில் எதை வேண்டுமானாலும் போடலாம். சுவரில் சாவித்துவாரம் போன்ற பீரங்கித் துளைகள். மேலிருந்து கீழே இறக்கும், இரும்புத் தகடு அடித்த பழைய மரத் தடுப்புக் கதவும் இன்னும் மேலே நிற்கிறது. "பாலத்தைக் கவனிச்சியா? அந்தக் காலத்துல நேரா வராது. மேற்குக் கரையிலேர்ந்து வந்து, அகழிக்குள்ள இருக்கிற அந்த எட்டுமூலைத் தீவுல திரும்பணும். கேடயம் இடது கையில, கோட்டை வலது பக்கம். வர்றவன் கதி என்ன?" என்றார்.

அது சரிதான். ஆனால் தெற்குப் பக்கம் வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். பெரிய விருந்துக் கூடத்தின் ஒரு கோடியில் வரிசையாக மூன்று வாசல்கள். நடு வாசல் சமையலறைக்கு, மற்ற இரண்டும் ரொட்டியும் பானமும் எடுத்துவைக்கும் அறைகளுக்கு. சமையலறையில் ஆள் உள்ளே நிற்கும் அளவுக்கு இரண்டு அடுப்பு மாடங்கள். கோட்டை முழுக்க 28 கழிவறைகள், எல்லாம் நேராக அகழியில் விழும். (அழகாக மின்னுகிற அந்தத் தண்ணீர் அன்றைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது.) கிழக்கே தேவாலயத்துக்கு அகழியைப் பார்த்தபடி பெரிய ஜன்னல். அகழியும் பெரிய காவல் இல்லை; கரையை வெட்டிவிட்டால் வடிந்துவிடும். ஆராய்ச்சியாளர்களும் இதில் இரண்டு கட்சிதான். என்னைக் கேட்டால், புதுப் பணம் வந்தவர் வீடு இது; காவலும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறார்.

நம் ஊர்ச் சரித்திரம் படித்தவர்களுக்கு இன்னொன்று. இதை வாங்கிச் செப்பனிட்டவர் கர்சன். 1905-ல் வங்கத்தைப் பிரித்த அதே வைஸ்ராய்! ஊர் திரும்பிய பின், 1919-ல் அகழித் தண்ணீரை வடித்துத் தூர் எடுத்திருக்கிறார். 1925-ல் இறந்தபோது கோட்டையை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்துவிட்டார். இந்தியாவில் 1904-ல் பழைய சின்னங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான். என் கணவருக்குக் கர்சன் பெயரே ஆகாது. "கல்லு மேல இருந்த அக்கறை மனுஷங்க மேல இல்லையே" என்று முணுமுணுத்தார். அந்த ஒன்றில் எங்களுக்குள் சண்டை இல்லை.

போகிற வழி: கார் இருந்தால் டென்டர்டன் வரை ஓட்டிப்போய், அங்கிருந்து நீராவி ரயிலில் போடியம் போங்கள். வயல்களுக்கு நடுவே மெதுவாகப் போகும், இறங்கினால் கோட்டை நடக்கிற தூரம்தான். தினமும் ஓடாது, அதனால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் இல்லையென்றால் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் வரை சாதாரண ரயில், அங்கிருந்து டாக்சி. கோபுரத்துச் சுழல்படி ஒருவர் பின் ஒருவராக ஏறுகிற அகலம்தான்; புடவை, ஹீல்ஸ் இரண்டும் வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் அகழிக் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.