கொல்லைக்கு வரும் காக்கையும் கணக்கில் சேரும்

கேள்வி: குளிர்காலத்தில் வீட்டில் இருந்தபடியே பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம் என்கிறாள் என் மகள். எங்கள் கொல்லைக்கு வருவதோ காக்கை, மைனா, தவிட்டுக்குருவி. மற்றதுக்கு எனக்குப் பெயரும் தெரியாது. இதை எழுதி அனுப்பி யாருக்கு என்ன பிரயோசனம்?
- ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: அந்தக் காக்கையும் மைனாவும்தான் முதலில் வேண்டும் அம்மா. அபூர்வப் பறவை வந்தால் படம் பிடிக்க எத்தனையோ பேர் ஓடி வருவார்கள், தினமும் கொல்லையில் மேய்வதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. பனங்காடையைப் பாருங்கள். கரண்ட் கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும், இறக்கையை விரித்தால் நீலம் பளிச்சென்று அடிக்கும். எல்லா ஊரிலும் இருக்கிற பறவைதானே என்றிருந்தோம், அது நாடு முழுக்கக் குறைந்து வருகிறது என்று 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொன்னது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு செயலியிலும் தளத்திலும் பதிந்த பட்டியல்களை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

வேலை சுலபம். ஒரே இடத்தில் 15 நிமிடமாவது உட்கார்ந்து, எந்தப் பறவை, எத்தனை என்று எழுதி, மகளை செயலியில் ஏற்றச் சொல்லுங்கள். செம்போத்து குரல் மட்டும் கேட்டால் அதுவும் சேரும். பெயர் தெரியாததை விட்டுவிடலாம், ஆனால் தெரிந்த ஒன்றை ‘காக்கைதானே’ என்று விடக்கூடாது, ஏனென்றால் முழுப் பட்டியல் என்று அனுப்பியதில் இல்லாத பறவை உங்கள் கண்ணில் படவே இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் இதற்கென்றே கணக்கெடுப்பு உண்டு. சம்பா அறுவடை நேரம், வயலும் கொல்லையும் கலகலப்பாக இருக்கும். பிப்ரவரியில் இன்னொரு நான்கு நாள், அது 1998இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகம் முழுக்க நடப்பது. அந்த நாட்களோடு நிறுத்திவிடாதீர்கள், மார்கழியிலிருந்து வாரம் ஒரு பட்டியல் போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம், வேலி உச்சியில் கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டையோடு ஒரு பழுப்புக் குருவி உட்கார்ந்து கரகரவென்று கத்துகிறதா, பாருங்கள். அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருவது. ஒரு கொல்லை பிடித்துப்போனால் மறு வருடமும் அங்கேயே வரும். அது வந்த தேதியையும், வெயில் ஏறியதும் கடைசியாகக் கண்ணில் பட்ட தேதியையும் உங்களைத் தவிர யார் எழுத முடியும்?

கேள்வி: சூறைக்குருவி கூட்டமாகப் போனால் எப்படி எண்ணுவது? தப்பாகிவிட்டால்?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: முதலில் பத்தை எண்ணி, அந்த அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை மடங்கு என்று கண்ணால் அளந்து போடுங்கள், தோராயம் போதும். வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ வந்தால் தன்னார்வலர்கள் பார்த்து உங்களிடமே விவரம் கேட்பார்கள். பட்டியலைப் பிறகும் திருத்தலாம், அதனால் தயங்காமல் அனுப்புங்கள்.