புகையின் பாதையைப் பார்க்கும் மகளுக்கு எந்தப் பாடம்?

வணக்கம் ஐயா,

மகள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்க மாட்டேன் என்று நிற்கிறாள், செய்மதிப் படத்தில் காட்டுத்தீப் புகை போகும் பாதையைப் பார்த்தபடி பொழுதைக் கழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2022 டிசம்பரில் காற்று மாசு கூடி, திருகோணமலை உட்பட நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்களே. அப்படியான நாளில் மாசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல இந்த வேலை தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

ஒருநாள் அவள் பக்கத்தில் இருந்து பாருங்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ என்ற செய்மதிப் பட இணையத்தளம் இலவசம். 2023 ஜூன் 7ஆம் திகதியைப் போட்டு, கனடாவின் கியூபெக் பக்கம் காட்டச் சொல்லுங்கள். மேகம் பளிச்சென்ற வெள்ளை. புகை சாம்பலும் பழுப்புமாக, கீழே நிலம் மங்கலாகத் தெரிய இழுபட்டுக் கிடக்கும். தீயையும் குறித்துக் காட்டச் சொன்னால், எரியும் இடங்களில் சிவப்புப் புள்ளிகள். அங்கிருந்து கிளம்பிய புகைதான் நியூயோர்க் வானத்தைச் செம்மஞ்சள் ஆக்கியது.

இதுவரை யாரும் பார்த்துவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மேலிருந்து எடுத்த படம், புகை தரையோடு கிடக்கிறதா, சில கிலோமீற்றர் உயரத்தில் போகிறதா என்று சொல்லாது. தரையில் கிடந்தால்தான் ஆஸ்துமாப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதைப் பிரித்தறியக் காற்றோட்டக் கணிப்பும் தரையில் எடுத்த காற்றுத்தர அளவீடும் சேர வேண்டும். எல்லாம் பௌதிகவியல், கணிதம், கொஞ்சம் பைத்தன் என்ற கணினி மொழி.

ஆகவே என் கருத்து: கணிதப் பிரிவை எடுக்கட்டும். சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானத்தோடு, செய்மதிப் படங்களிலிருந்து தகவல் எடுக்கும் தொலையுணர்வும் படிக்கலாம். நம்முடைய கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. கணிதம் சரிவராவிட்டால் கலைப் பிரிவில் புவியியல் எடுத்து, யாழ்ப்பாணம் அல்லது பேராதனை வழியாகவும் இந்தத் துறைக்கு வரலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். புகையை மட்டும் பார்க்கும் பதவி என்று தேடினால் இங்கே கிடைப்பது அரிது. ஆனால் அதே திறமை வளிமண்டலவியல், நில அளவைத் திணைக்களங்களுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் வெள்ளம், வறட்சி, கரையோர அரிப்பு பார்க்கத் தேவை.

சரி, சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், பாடத்தெரிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் இருவருமாக வாருங்கள். கணிதப் புள்ளியை வைத்துக்கொண்டு பேசுவோம்.