கைக்குழந்தையோடு படிப்பைத் தொடர முடியுமா?

கேள்வி: அக்கா, நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மகளுக்கு ஏழு மாதம். கணவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான். மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு மூட்டுவலி, தூக்க முடியவில்லை. இந்த மாதம் பல வகுப்புகளுக்கு நான் போகவில்லை. “பிள்ளை வளரட்டும், படிப்பை நிறுத்து” என்கிறார் மாமியார். பிடிபிடிஎன் என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் வேறு இருக்கிறது. விரிவுரையாளரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

படிப்பை நிறுத்தாதீர்கள். ஆனால் யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காட்டு வருகை வேண்டும். அது குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அதன்பிறகு பிள்ளையைக் காரணம் காட்டினால் எடுபடாது.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 2023 ஜனவரி முதல் 98 நாள் பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. அந்தச் சட்டம் மாணவிக்குப் பொருந்தாது. உங்களுக்கு வாய் திறந்து கேட்டால்தான் சலுகை எதுவும் கிடைக்கும். எனவே கூச்சத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் கல்வி ஆலோசகரையும் மாணவர் விவகாரப் பிரிவையும் இந்த வாரமே பாருங்கள். வருகைக் குறைவுக்கு விளக்கக் கடிதம் கொடுங்கள். பாடங்களைக் குறைத்து எடுக்க முடியுமா, மாணவர் நலநிதி இருக்கிறதா, வளாகத்திலேயே தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) உண்டா என்று கேளுங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் ஒரு பருவத்தை முறைப்படி ஒத்திவைக்க விண்ணப்பியுங்கள். அனுமதியோடு ஒத்திவைத்தால் திரும்பிப்போக வழி இருக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் பெயரையே நீக்கிவிடக்கூடும். ஒத்திவைப்புக் கடிதம் கிடைத்ததும் பிடிபிடிஎன்னுக்கும் தெரிவித்துவிடுங்கள். படிப்பை நாம் விட்டாலும் கடன் நம்மை விடாது.

இனி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் விஷயம். உங்கள் மாமியாரிடம் அந்தக் காலத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக் கொட்டகையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். விடியும் முன்பே பால்மரம் சீவப் போன பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப்போனார்கள். வரிசையாகத் தூளி கட்டி, ஓர் ஆயா அத்தனையையும் ஆட்டிவிடுவார். குறைகள் நிறைய இருந்தன. ஆனாலும் தாய் வேலைக்குப் போனால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதைத் தோட்டமே ஒப்புக்கொண்டது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகம் இடம்பெற்றது. தோட்டத்துக்கு இருந்த இந்தப் பொறுப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாணவிகள் கேட்கக் கேட்கத்தான் அது நடக்கும்.

இப்போதைக்கு வீட்டுக்கோ வளாகத்துக்கோ அருகில் உள்ள தாஸ்காவைத் தேடுங்கள். அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டு இலாகாவான கெமாஸ் நடத்தும் தாஸ்காக்களையும் விசாரியுங்கள். எங்கே போனாலும் சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. அதை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளைகள் பசித்து அழும் நேரமாகப் பார்த்துப் போய், எத்தனை கைகள் இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். நான்கு பிள்ளைகளுக்குக் குறைவாகப் பார்த்துக்கொள்பவருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. எனவே நம்பிக்கையான அக்கம்பக்கத்து அம்மா ஒருவரிடம் விட்டாலும் தவறில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ள, தூக்கிக் குளிப்பாட்ட மட்டும் அந்த அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்துக்கு இரண்டு வழிகள். கணவருக்கு ஊழியர் சேமநிதி இருந்தால், அதில் உள்ள அவருடைய சுபிட்சக் கணக்கிலிருந்து (அக்காவுன் செஜாத்ரா) மனைவியின் உயர்கல்விச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது. குடும்ப வருமானம் மிகக் குறைவு என்றால் சமூக நல இலாகாவின் மாதாந்திரக் குழந்தை உதவித்தொகைக்கு மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கணவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். அவர் வீட்டிலிருக்கும் நாள்களில் பிள்ளை அவர் பொறுப்பு, நீங்கள் நூலகத்தில் இருக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. மாமியாரிடம் கோபம் வேண்டாம். தன் வலியைத்தான் அவர் ‘படிப்பை நிறுத்து’ என்று சொல்கிறார் என நினைக்கிறேன். தூக்கும் வேலை குறைந்தால் அந்தப் பேச்சும் குறையும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? அப்படியென்றால் பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் அதே கிளினிக்கில் தாதியிடம் சொல்லுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-க்கு அழையுங்கள். விண்ணப்பம், தாஸ்கா எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.