மீன் தொட்டி: கேள்வி பதில்

கேள்வி: பின்கட்டில் 1500 லிட்டர் சிமென்ட் தொட்டியில் கோய், கோல்டு ஃபிஷ் வளர்க்கிறேன். மூன்று காய்கறி கிரேட்டை அடுக்கி, உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச் வைத்து, மேலே துளை போட்ட பிவிசி குழாயோடு ஷவர் ஃபில்டர் செய்திருக்கிறேன். சத்தம் தாங்காமல் இரவில் மோட்டாரை அணைத்துவிடுவேன். தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எங்கே கோளாறு?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் இன்றிரவு மோட்டாரை ஓட விடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி, பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும். இருட்டிவிட்டால் மீனோடு போட்டி போட்டு அதுவும் மூச்சு வாங்கும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதற்கு முந்தைய இரவு முழுக்க ஷவரை நிறுத்தி வைத்தால் மீன் பாவம், என்னதான் செய்யும்? 18 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 13 யூனிட்தான். சத்தத்துக்கு வழி உண்டு: கடைசி கிரேட்டுக்குக் கீழே ஒரு டப் வைத்து, அதிலிருந்து குழாயைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள்.

அடுத்தது அந்த ஸ்பாஞ்ச். எடுத்துவிடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, ஃபில்டரில் வளர்ந்து தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏகமாக வேண்டும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய 4.5 கிராம். நம்மூர் வெயிலில் 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம்தான் நிற்கும். அதனால்தான் ஷவரில் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்து, சுற்றிலும் காற்று படவேண்டும். கசடு அடைத்த ஸ்பாஞ்சில் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும், நடுப்பகுதி சும்மா கிடக்கும். கசடை முன்னாலேயே பிடியுங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு நீல ட்ரம்முக்குள் மெதுவாக வந்து தெளியட்டும். அங்கிருந்து மோட்டார் மேலே ஏற்றட்டும்.

கிரேட்டில் ஓட்டாஞ்சில்லு போடுங்கள். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை நடக்கும் இடங்களில் உடைசல் கிடைக்கும். மெருகு பூசாததாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக இருக்கட்டும். கருங்கல் ஜல்லியும் ஆகும்தான், ஆனால் பாரத்தில் கிரேட் வளைந்துவிடும். கூடவே ஒரு பை கிளிஞ்சல். பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் அமிலப் பக்கம் சாயும். கிளிஞ்சல் மெல்லக் கரைந்து அதை ஈடுகட்டும்.

மோட்டார் டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள், உயரம் ஏற ஏறத் தண்ணீர் வரத்து குறையும். மேல் குழாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 800 லிட்டர், உங்கள் தொட்டிக்குப் போதும்.

பச்சை நிறம் ஷவரால் போகாது. நைட்ரேட் பாசிக்கு உரம். நிழல் வலை கட்டுங்கள். ஷவரில் தண்ணீர் ஆவியாவதும் அதிகம். கடலோர போர் தண்ணீரை மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் ஷவர் ஃபில்டர் பாக்டீரியா செத்துவிடுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மூடிய ஃபில்டர் என்றால் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். திறந்த கிரேட் ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேல் கிரேட்டில் அவ்வப்போது ஊற்றினேன். மீனுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்தது. கரண்ட் வரும்வரை தீனி மட்டும் போடவே இல்லை.